வில்லும் வளைகோலும்

“1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் பந்தயத்தில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைவர் யார்?”

பெருங்குடியில் நான் பாடம் சொல்லும் வகுப்பில், பொது அறிவுப் போட்டி ஒன்றை முன்னிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டேன். கைகள் எல்லாம் ஒரே வேகத்தில் உயர்ந்தன. வாய்கள் எல்லாம் ஒரே விடையை முழங்கின: “தியான் சந்த்!”

தவறான விடை. ஆயினும் மாணவர் மீது குற்றம் இல்லை. அவர்கள் கையில் நாம் கொடுத்திருக்கும் ஏடுகள் அத்தகையவை. பந்தை உள்ளே தள்ளியவரின் பெயர் பட்டொளி வீசுகிறது. படைக்குத் தலைமை தாங்கிச் சென்றவரின் பெயர் பரணில் கிடக்கிறது. வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு சிறுவன் இருந்தான். பழைய மகாபலிபுரம் சாலையோரம் வானளாவ எழும் அடுக்குமாடிகளுக்குக் கல்லும் மண்ணும் சுமக்க, ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரின் மகன். அவன் மட்டும் கை உயர்த்தவில்லை. கேட்கப்பட்ட கேள்வி தன் மண்ணின் மைந்தனைப் பற்றியது என்பது அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை!

அந்தத் தலைவரின் பெயர் ஜெய்பால் சிங் முண்டா. அவர் கதையை இங்கே சொல்ல விழைகிறேன். வெற்றிக் கதை என்று எண்ணி எவரும் நாற்காலியில் சாய்ந்துகொள்ள வேண்டாம். வெற்றியும் உண்டு, வேதனையும் உண்டு, மன்னிக்க மனம் வராத இடங்களும் உண்டு.

ராஞ்சிக்கு அருகே குந்தி வட்டாரத்தில் தக்ரா என்றொரு சிற்றூர். 1903 ஜனவரி 3ஆம் நாள் அவர் அங்கே பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பிரமோத் பஹான். பஹான் என்பது ஊர்ப் பூசாரிக் குடும்பத்துக்கு முண்டா மக்கள் வழங்கும் பெயர். அவர் பிறந்த காலத்தை நினைவிற் கொள்ள வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1900 ஜூன் 9ஆம் நாள், அதே மண்ணின் மாவீரன் பிர்சா முண்டா, இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத இளைஞன், ராஞ்சிச் சிறையில் மாண்டான். வில்லேந்தி வெள்ளையனை எதிர்த்தவன், வெள்ளையனை மட்டுமா? நிலத்தைப் பறித்த ஜமீன்தாரையும் வட்டிக்கடைக்காரனையும் எதிர்த்தவன். காட்டைத் திருத்திக் கழனியாக்கியவன் ஒருவன். பட்டயம் காட்டிப் பறித்துக்கொண்டவன் மற்றொருவன். அப்படிப் பறிக்க வந்தவர்களை அம்மக்கள் ‘டிக்கு’ என்றனர். நாட்டில் வேறு பலர் அம்மக்களை ‘ஜங்லி’ என்றனர். காட்டான் என்று பொருள். பிர்சாவின் கிளர்ச்சி ஆட்சியாளரை அசைத்ததால்தான் 1908இல் சோட்டா நாகபுரி குத்தகைச் சட்டம் வந்தது. பழங்குடியினர் நிலம் பிறர் கைக்குப் போகாமல் ஓரளவு காத்தது.

அந்தச் சிற்றூர்ச் சிறுவன் ராஞ்சியில் புனித பவுல் பள்ளியில் சேர்ந்தான். பாதிரிமார் நடத்திய பள்ளி. மதம் பரப்ப வந்தவர்கள்தாம். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை, மறுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் ஒன்று கேட்கலாம். அந்தக் காட்டுக்குள் ஒரு பலகையையும் பல்பத்தையும் கொண்டுபோக, ஞானபூமி என்று மார்தட்டுவோரில் எத்தனை பேர் முன்வந்தனர்? பள்ளித் தலைமையாசிரியர் காஸ்கிரேவ் பாதிரியார் சிறுவனின் அறிவைக் கண்டார்; 1918இல் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். கேன்டர்பரியில் புனித அகஸ்டின் கல்லூரி. பின்னர் ஆக்ஸ்போர்டில் புனித ஜான் கல்லூரி. அங்கே பொருளாதாரம் பயின்றார்; பல்கலைக்கழக ஹாக்கி அணியில் இடம் பெற்றார். நம் பள்ளி ஏடுகளில் வளைகோல் பந்தாட்டம் என்கிறோமே, அந்த ஆட்டம் அவருக்குப் புதிதன்று. சோட்டா நாகபுரிச் சிற்றூர்களில் மூங்கிலை வளைத்துக் கோலாக்கி ஆடுவது சிறுவர் வழக்கம். முண்டா மக்களிடையே ஒரு பழமொழி உண்டு: நடப்பதே ஆட்டம், பேசுவதே பாட்டு. ஊர் நடுவே ‘அக்ரா’ என்னும் ஆடுகளம். ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடும் இடம் அது. உடலைப் பாவம் என்று போதிக்காத மக்கள்! அவர்கள் பிள்ளை பந்தைத் துரத்தியதில் வியப்பில்லை.

இந்தியர் எட்டாக்கனி என்று எண்ணிய ஐ.சி.எஸ். பதவிக்கு அவர் தேர்வு பெற்றார். பயிற்சி நடந்துகொண்டிருந்த வேளையில் அழைப்பு வந்தது: ஆம்ஸ்டர்டாம் செல்லும் இந்திய அணிக்குத் தலைமை ஏற்க வேண்டும். விடுப்பு கேட்டார். இந்தியா அலுவலகம் மறுத்தது. கோப்பா, கோலா என்ற நிலை. அவர் கோலை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்! திரும்பி வந்தபோது, பயிற்சியை மேலும் ஓராண்டு நீட்டிக்க வேண்டும் என்றது மேலிடம், தண்டனைதான், வேறென்ன? அவர் பதவியையே உதறினார். கலெக்டராகிக் கச்சேரி மேசைக்குப் பின்னால் அமர்ந்து, தன் மக்களே கைகட்டி நிற்பதைக் காணும் வாழ்வு அவருக்குக் காத்திருந்தது. அது கைநழுவியது. நல்லதுதான் நடந்தது என்று இன்று நாம் சொல்வது எளிது. அன்று இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவன் அதைச் செய்வதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

இந்தியாவிலிருந்து அணி பம்பாயில் கப்பலேறியபோது வழியனுப்ப வந்தோர் மூவரே என்று தியான் சந்த் பின்னாளில் எழுதியிருக்கிறார். அணியில் பெரும்பாலோர் ஆங்கிலோ இந்தியர். தலைவர் இங்கிலாந்தில் அவர்களுடன் சேர்ந்துகொண்டார். 1928 மே மாதம் ஆம்ஸ்டர்டாமில் நடந்ததை எண்களே சொல்லும். ஆஸ்திரியாவுக்கு 6, பெல்ஜியத்துக்கு 9, டென்மார்க்குக்கு 5, சுவிட்சர்லாந்துக்கு 6; மே 26ஆம் நாள் இறுதி ஆட்டத்தில், ஆலந்து நாட்டின் சொந்த மண்ணிலேயே அந்நாட்டுக்கு 3. ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள். அவற்றில் 14 தியான் சந்த் அடித்தவை. இந்தியா வாங்கியது? ஒன்றுகூட இல்லை! ஒலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது. ஹாக்கியில் முன்பு தங்கம் வென்றிருந்த பிரிட்டன் அந்தப் போட்டிக்கு அணி அனுப்பவில்லை. அடிமையிடம் ஆண்டான் தோற்கும் காட்சியை உலகம் காணக்கூடாது என்ற அச்சமே காரணம் என்று பேசப்பட்டது.

ஆனால் இறுதி ஆட்டத்தில் தலைவர் களத்தில் இல்லை. இடையிலேயே அணியை விட்டு விலகிவிட்டார். பின்னிகர் என்ற ஆட்டக்காரர் தலைமை ஏற்று ஆடினார். மேலாளருடன் ஏற்பட்ட பிணக்கே காரணம் என்பர். தங்கம் கைக்கு வரும் வேளையில் அவர் அங்கே இல்லை என்பதைப் படித்தபோது எனக்குச் சினமே வந்தது. மேலே படிக்கப் படிக்க, அவர் வாழ்வில் இது ஒருமுறை மட்டும் நிகழ்ந்ததன்று என்பதும் தெரிந்தது.

பின் பத்தாண்டுகள் அலைச்சல். கல்கத்தாவில் எண்ணெய்க் கம்பெனி உத்தியோகம். மோகன் பகான் கழகத்தில் ஹாக்கி அணி அமைக்கும் பணி. ஆப்பிரிக்காவில் கோல்டு கோஸ்ட் நாட்டில், என்குருமா பயின்ற அச்சிமோட்டாக் கல்லூரியில் ஆசிரியப் பணி. ராய்ப்பூரில் அரச குமாரர்கள் படிக்கும் கல்லூரி. பிகானீர் சமஸ்தானத்தில் பதவி. இவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1938இல் அவர் ராஞ்சிக்குத் திரும்பினார் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

அங்கே 1915 முதல் சோட்டா நாகபுரி உன்னதி சமாஜம் என்ற அமைப்பு இயங்கிவந்தது. படித்த சிலர் கூடி மனு எழுதும் சங்கம் என்ற அளவில் தொடங்கியது. அதுவும் வேறு சில சபைகளும் ஒன்றாகி ஆதிவாசி மகாசபை உருவாயிற்று. முண்டா, உராவோன், ஹோ, சந்தால், காரியா எனப் பல குடிகள்; கிறித்தவராக மாறியோர், மாறாதோர் எனப் பிரிவுகள். இவர்களை எல்லாம் ஒரு பந்தலின் கீழ் அமர்த்த எவரால் முடியும்? 1939 ஜனவரியில் ராஞ்சியில் மாநாடு கூடியது. பல்லாயிரவர் முரசும் வில்லும் ஏந்தி நடந்தே வந்தனர். தலைமை ஏற்றவர் ஜெய்பால் சிங். ‘மராங் கோம்கே’ என்று அவரை அழைத்தனர். பெருந்தலைவர் என்று பொருள்.

ஆக்ஸ்போர்டுப் பட்டத்தைக் கண்டா மயங்கினர்? பட்டம் என்றால் என்னவென்று அறியாத ஏழைகள் அவர்கள். பந்தாட்டம் அவர்களுக்குப் புரியும். வெள்ளைக்காரனின் ஊரில், வெள்ளைக்காரனின் ஆட்டத்தில், அனைவருக்கும் தலைவனாக நம்மவன் நின்றான் என்பது புரியும். காட்டான் என்று எவனாவது ஏசினால் திருப்பிச் சொல்ல ஒரு பெயர் கிடைத்தது. பேச்சாளர் நூறு பேர் ஆண்டுக்கணக்கில் முழங்கியும் ஊட்ட முடியாத தன்மானத்தை ஆடுகளம் ஒன்று ஊட்டியது. அமெரிக்காவில் ஜிம் தோர்ப் என்ற செவ்விந்தியரின் கதையும் இத்தகையதே. 1912இல் ஸ்டாக்ஹோமில் இரு தங்கம் வென்றார். முன்பு பேஸ்பாலில் கூலி பெற்று ஆடினார் என்று காரணம் காட்டி மறு ஆண்டே பறித்தனர். அவர் மட்டுமே வெற்றியாளர் என்று ஒலிம்பிக் குழு மீண்டும் பதிவு செய்தது எப்போது தெரியுமா? 2022இல்! வென்றவர் மறைந்து அறுபத்தொன்பது ஆண்டுகள் கடந்தபின்!

அரசியல் நிர்ணய சபைக்குப் பீகாரிலிருந்து ஜெய்பால் சிங் சென்றார். 1946 டிசம்பர் 19ஆம் நாள், நேரு கொணர்ந்த குறிக்கோள் தீர்மானத்தின் மீது அவர் ஆற்றிய உரையை நம் இயக்கத் தோழர்கள் ஒவ்வொருவரும் தேடிப் படிக்க வேண்டும். நான் ஒரு ஜங்லி என்று தொடங்கினார். ஏசிய சொல்லையே எடுத்து மார்பில் பதக்கமாக அணிந்துகொண்டார்! ஆறாயிரம் ஆண்டுகளாக இழிவாக நடத்தப்பட்டவர் எம் மக்கள் என்றார். சிந்துவெளியிலிருந்து எம்மைக் காட்டுக்குத் துரத்தியவர்கள் பின்னர் வந்து குடியேறியவர்களே என்றார். ஆரியர் வருகையைப் பற்றி நாம் பேசினால் பிரிவினை பேசுகிறோம் என்று பதறும் பெருமக்கள் நிறைந்த சபையில், ஒரு முண்டா எழுந்து நின்று அதையே சொன்னார். பழங்குடி மக்களுக்கு ஜனநாயகத்தை நீங்கள் கற்பிக்க வேண்டாம், அவர்களிடமிருந்து நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள் என்ற பொருளிலும் பேசினார். இந்தச் சபையில் ஆண்கள் மிகுதி, பெண்கள் இன்னும் அதிகம் வேண்டும் என்று சொல்லவும் தவறவில்லை.

மதுவிலக்கை அரசியல் சட்டத்தில் நுழைத்தபோது எதிர்த்தார். நாற்று நடும் மழைக்காலத்திலும் வழிபாட்டிலும் அரிசிக் கள் அம்மக்கள் வாழ்வோடு கலந்தது என்றார். கள் ஒழிப்புக்காகத் தம் தோப்புத் தென்னைகளையே பெரியார் வெட்டிச் சாய்த்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது உவப்பாக இராது. எனக்கும் இல்லை. ஆனால் கள்ளைப் பற்றிய வாதத்துக்குள் வேறொரு கேள்வி இருந்தது: எங்கள் வீட்டுப் பழக்கத்தைப் பற்றி முடிவுசெய்ய எங்களை ஏன் கேட்கவில்லை? அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் சபையில் பலர் இருந்தனர்.

பெயர்ப் போர் ஒன்றும் நடந்தது. 1948 டிசம்பரில், சட்டத்தின் மொழிபெயர்ப்புகளில் தம் மக்களை ‘வனஜாதி’ என்று குறித்திருப்பதைக் கண்டு வெகுண்டார். ஆதிவாசி என்ற சொல்லே கண்ணியமானது, அதையே இடுங்கள் என்றார். அம்பேத்கர் உடன்படவில்லை. ஆதிவாசி என்பது பொதுச் சொல். சட்டத்தில் வரையறுத்த பொருள் அதற்கு இல்லை. அட்டவணையில் இன்னின்ன குடிகள் என்று பெயர் சொல்லிக் குறித்தால்தான் உரிமை வழங்க இயலும் என்பது அவர் வாதம். இருவர் பக்கமும் நியாயம் உண்டு; வழக்கறிஞர் கண்ணுக்கு அம்பேத்கரே சரி. ஆயினும் நம் தாய்மொழியை எண்ணிப் பாருங்கள். நாம் வனஜாதி என்று சொல்லவில்லை, ‘பழங்குடி’ என்கிறோம். பழமையும் உண்டு, குடி என்ற உரிமையும் உண்டு. அவர் அச்சபையில் மன்றாடிக் கேட்ட பொருளைத் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. நான் வாழும் ஊரின் பெயரான பெருங்குடியிலும் அதே குடிதான். சொல் கொடுத்தோம், வாழ்வு கொடுத்தோமா என்பதை நம் நாட்டு இருளரும் காணிக்காரரும் சொல்லட்டும்.

1949 செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றிய விவாதம். இந்தி அரியணை ஏறிய அந்த நாட்களில் ஜெய்பால் சிங் எழுந்து, முண்டாரி, கோண்டி, உராவோன் ஆகிய மூன்று மொழிகளையும் எட்டாவது அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்றார். இங்கே சற்று நின்று பாருங்கள். முண்டாரி அவர் தாய்மொழி. அது வேறு இனத்து மொழி. மற்ற இரண்டும்? கோண்டியும், உராவோன் மக்கள் பேசும் குருக்கும் கால்டுவெல் ஒப்பிட்டுக் காட்டிய திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தவை! தமிழுக்கு உடன்பிறந்த இரு மொழிகளுக்காக, தமிழறியாத ஒரு முண்டா வாதாடினார். சபை ஏற்கவில்லை. 2003இல் செய்த திருத்தத்தால் சந்தாலி அட்டவணையில் இடம் பெற்றது. அவர் கேட்ட மூன்றும் இன்றும் வெளியேதான் நிற்கின்றன.

இனிச் சொல்ல வேண்டியது கசப்பானது. 1948 ஜனவரி 1ஆம் நாள், கர்சாவான் என்ற சிற்றூரில் சந்தை கூடும் நாள். அந்தச் சமஸ்தானத்தை ஒரிசாவோடு இணைப்பதை எதிர்த்து ஆதிவாசிகள் திரண்டனர். ஜெய்பால் சிங் பேச வருவார் என்ற செய்தி பரவியிருந்தது. அவரைக் காணவே காடு மலை கடந்து குழந்தைகளோடு வந்தோர் பலர். அவர் வரவில்லை. ஒரிசாப் போலீஸ் சுட்டது. அரசுக் கணக்கில் மாண்டவர் முப்பத்தைந்து பேர். மக்கள் சொல்லும் கணக்கு அதனினும் பன்மடங்கு. சில மாதங்களில் கர்சாவான் பீகாருக்கு மாற்றப்பட்டது, மாண்டவர் மீளவில்லை. வந்திருந்தால் அவரும் மாண்டிருக்கலாம் என்று சொல்வோர் உண்டு. இருக்கலாம். எனினும் காத்திருந்து மாண்ட மக்கள் முன் அந்தச் சமாதானத்தைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. இன்றும் அங்கே புத்தாண்டு நாள் துக்க நாள்.

1950இல் மகாசபை ஜார்க்கண்ட் கட்சியாயிற்று. சேவல் சின்னம். 1952 தேர்தலில் பீகார் சட்டமன்றத்தில் முப்பதுக்கு மேற்பட்ட இடங்களை வென்று முதன்மை எதிர்க்கட்சியானது. காடுவாழ் மக்களின் கட்சி, காங்கிரசுக்கு எதிரே! தனி மாநிலக் கோரிக்கை மாநிலச் சீரமைப்புக் குழுவின் முன் சென்றது. 1955இல் குழு அதை மறுத்தது. எல்லார்க்கும் பொதுவான ஒரு மொழி இல்லை, பழங்குடியினர் பெரும்பான்மையும் அல்லர் என்பன காட்டிய காரணங்கள். பிறகு வாக்குகள் தளர்ந்தன. 1963இல் ஜெய்பால் சிங் கட்சியையே காங்கிரசில் கரைத்தார். பீகாரில் சிறிது காலம் அமைச்சர் பதவி கிடைத்தது. அவ்வளவே.

அதே 1963இல்தான் பிரிவினைத் தடைச் சட்டம் வந்தது. அண்ணா திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட நேர்ந்தது. கோரிக்கை போயிற்று, கழகம் போகவில்லை. நான்கே ஆண்டுகளில் கோட்டையில் கொடி ஏறியது. 1969இல் தமிழ்நாடு என்ற பெயர் வந்தது. ஜெய்பால் சிங்கோ கோரிக்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கட்சியைக் கொடுத்துவிட்டார். அவரை நம்பிச் சேவலுக்கு வாக்களித்த உழவன், மறுநாள் எந்தக் கதவைத் தட்டுவான்? ஆம்ஸ்டர்டாமில் விட்டுச்சென்றதை மன்னிக்கலாம். அங்கே பின்னிகர் இருந்தார். இங்கே எவரும் இல்லை. அவரும் பின்னர் அந்த இணைப்பை எண்ணி வருந்தினார் என்பர். 1970 மார்ச் 20ஆம் நாள் டெல்லியில் மறைந்தார். ஜார்க்கண்ட் மாநிலம் பிறந்தது 2000 நவம்பர் 15ஆம் நாள். பிர்சா முண்டாவின் பிறந்த நாள் அது.

குறையைச் சொன்னேன், அதனால் நிறை மறையவில்லை. அவருடைய மண்ணிலும் அடுத்துள்ள ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டத்திலும் ஹாக்கி இன்று ஊர்த் திருவிழா. சிற்றூர்ப் போட்டிகளில் வென்ற அணிக்குப் பரிசு ஒரு வெள்ளாட்டுக் கிடா. அன்றிரவே அதை ஊரே சமைத்து உண்ணும். அந்த வயல்வெளிகளிலிருந்து மைக்கேல் கிண்டோ புறப்பட்டார். 1972 ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற அணியிலும் 1975இல் உலகக் கோப்பை வென்ற அணியிலும் ஆடினார். சில்வானுஸ் டுங்டுங் 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். திலீப் திர்க்கி இந்திய அணிக்குத் தலைவரானார். 2022இல் ஹாக்கி இந்தியா அமைப்புக்கே தலைவரானார். 2023 உலகக் கோப்பைக்காக ரூர்கேலாவில் எழுந்த பெரும் அரங்கத்துக்குப் பிர்சா முண்டாவின் பெயர்.

சபையில் பெண்கள் இன்னும் அதிகம் வேண்டும் என்றாரே, அவர் மாவட்டத்துப் பெண்கள் சபைக்கு முன்னே களத்துக்கு வந்துவிட்டனர். குந்தியின் நிக்கி பிரதான் 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார். சிம்டேகாவின் சலீமா டேடே மூங்கில் கோலோடு தொடங்கியவர். டோக்கியோவில் நான்காம் இடம் பெற்ற அணியில் இருந்தார். 2024இல் இந்திய மகளிர் அணிக்குத் தலைவரானார். 2021 முதல் ஜார்க்கண்ட் அரசு ஜெய்பால் சிங் முண்டா பெயரால் உதவித்தொகை வழங்கி, பழங்குடி மாணவர்களை இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிவருகிறது. முதல் ஆண்டில் சென்றவர் ஆறு பேர்.

மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் அவர் பெயரை எழுதினேன். தக்ரா, குந்தி, ராஞ்சி என்று ஊர்களையும் எழுதினேன். கடைசி வரிசைச் சிறுவன் எழுந்து வந்தான். குந்தி என்று நான் எழுதியிருந்ததைச் சுட்டி, அதை எங்கள் ஊரில் இப்படிச் சொல்லமாட்டார்கள் என்று சொல்லித் திருத்தினான். அவன் சொன்னபடி ‘கூண்டி’ என்று மாற்றி எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன்.